மரண சங்கம் கேட்ட தண்ணீர்

எங்கள் அலுவலகத்தில் ஒரு திட்டத்துக்கு அங்கீகாரம் கிடைத்ததும் முதலில் மலைக்குப் போவது பெயர்ப்பலகை. சீமெந்து அதற்குப் பிறகு போகும். மரக்கன்று அதற்கும் பிறகு. சில இடங்களுக்குக் கன்று போகவே போகாது. ஆனால் பலகை போகாமல் இருந்ததில்லை.

மாத்தளை மாவட்டத்தில், யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில், நீரேந்துப் பிரதேசங்களைக் காப்பதற்கு ஊர்ச் சங்கங்களுக்குச் சிறு மானியம் வழங்கும் ஒரு திட்டத்தில் நான் கள உத்தியோகத்தராக இருந்தேன். மழை விழுந்து மண்ணுக்குள் இறங்கி, கீழே ஊற்றாக வெளிவருகிற மலைச்சரிவு இருக்கிறதே, அதற்குத்தான் நீரேந்துப் பிரதேசம் என்று பெயர். அண்மையில் பழைய சகா ஒருவர் தொலைபேசியில் அழைத்து, இனி விண்ணப்பமெல்லாம் கணினியில்தானாம், காகிதமே கிடையாதாம், நம்முடைய காலத்தைப் பற்றி யாராவது எழுதி வைக்க வேண்டாமா என்று கேட்டார். காகிதம் ஒழிந்தது நல்லதுதான். காகிதத்தில் நாங்கள் செய்த காரியங்களை ஒருவர் ஒப்புக்கொண்டுவிட்டால் இன்னும் நல்லது.

நான் உக்குவளைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் சில காலம் படிப்பித்தேன், ஒரு கடையில் கிளார்க்காக இருந்தேன், மூன்று மொழியும் ஓரளவு தெரியும் என்பதால் இந்த வேலை கிடைத்தது. பயிற்சி கண்டியில் ஒரு ஹோட்டலில் ஐந்து நாள். நீர்வளத்தைப் பாதுகாப்பது எப்படி என்று போத்தல் தண்ணீர் குடித்துக்கொண்டே கற்றோம். பயிற்சியைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

என் மேலதிகாரி திரு. ஜெபரத்தினம். திட்ட இணைப்பாளர். கொழும்புக்காரர், மெலிந்த மனிதர், வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. எவரிடமும் அவர் ‘முடியாது’ என்று சொன்னதில்லை. ‘பார்ப்போம்’ என்பார். அவருடைய விசேஷம் பென்சில். கோப்பில் எழுதும் குறிப்பு, தரும் அனுமதி, போடும் உத்தரவு எல்லாம் பென்சிலில்தான். கொழும்பிலிருந்து கடிதம் வந்து காரியம் சரியென்று உறுதியான பிறகு அதே எழுத்தின் மேல் பேனாவால் ஒருமுறை போவார். கடிதம் வேறுமாதிரி வந்தால் மேசை லாச்சியிலிருந்து அழிறப்பர் வெளியே வரும். அழித்த தூளை ஊதிவிடமாட்டார். ஒரு சிறு தூரிகையால் குப்பைக்கூடைக்குள் தள்ளுவார். அவர் தவறு செய்ததாக எங்கள் கோப்புகளில் ஒரு வரிகூட இல்லை.

விண்ணப்பப் படிவம் பதினான்கு பக்கம், முழுக்க ஆங்கிலம். ஊரார் தங்கள் பிரச்சினையைத் தாங்களே எழுத வேண்டும் என்பது விதி. ஊரில் யாருக்கும் ஆங்கிலம் தெரியாது என்பது நிலைமை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த ஓட்டையில்தான் எனக்குச் சம்பளம் வந்தது.

ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகும் பாதையிலிருந்து உள்ளே விலகியிருந்த ஒரு தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனிலிருந்து ஒருநாள் ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தார். பெயர் மாரியாயி. நாற்பது வயதிருக்கும், கொழுந்து எடுப்பவர். அன்றைய பேரை விட்டுவிட்டு, அதாவது ஒருநாள் சம்பளத்தை இழந்து, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

“சார், எங்க பீலியில தண்ணி நூல் மாதிரி வருது. மாசியில அதுவும் நின்னு போயிரும். ஒரு கொடம் நெறைய அர மணித்தியாலம் ஆகுது. தண்ணிக்கு உதவி செய்ற ஆபீஸ் இதுதானேங்க?”

மறுவாரம் போய்ப் பார்த்தேன். லயத்துக்கு மேலே ஒரு பாறை இடுக்கிலிருந்து ஊற்று. அதற்கு மேலே சரிவு முழுக்க வெட்டிய அடிமரங்கள். தேயிலைத் தொழிற்சாலை அடுப்புக்கு விறகு அங்கிருந்துதான் போனது. ஊற்றின் மிச்சத் தண்ணீர் கீழே ஒரு சிங்களக் கிராமத்துக்கும் போய்ச் சேரும். சேர வேண்டும். சேரவில்லை. மரம் நட வேண்டும், குறுக்கே கான் வெட்டி மழைநீரை நிறுத்த வேண்டும், ஊற்றுக்கு ஒரு தண்ணீர்த் தாங்கி கட்ட வேண்டும். பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

மாரியாயி வீட்டு வாசலில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினோம். நான் கேள்வியைத் தமிழில் கேட்பேன். அவர் பதில் சொல்வார். நான் ஆங்கிலத்தில் எழுதுவேன்.

“தண்ணி குறைஞ்சதுக்கு மூல காரணம் என்னான்னு கேக்குறாங்க அக்கா.”

“தொரை மரத்த வெட்டுறாரு.”

‘நிலப் பயன்பாட்டு மாற்றங்களால் ஏற்பட்டுள்ள அழுத்தம்’ என்று எழுதினேன்.

“திட்டத்துக்கு என்ன ஆபத்து வரலாம்?”

“அட்டை. பொறகு தொரை.”

‘உயிரியல் மற்றும் நிறுவன ரீதியான சவால்கள்’ என்று எழுதினேன். கண்டியில் ஐந்து நாள் சும்மா இருந்துவிட்டு வரவில்லை அல்லவா?

படிவம் நிரம்பியது. ஆனால் விண்ணப்பிக்கிறவர் பதிவுபெற்ற சங்கமாக இருக்க வேண்டும். லயத்தில் இருந்தது கோயில் கமிட்டி. அதற்குப் பதிவு கிடையாது. தோட்ட விலாசத்தில் புதிதாகப் பதிவதானால் தோட்ட நிர்வாகியான துரையின் ஒப்பம் வேண்டும், அதன் பிறகும் இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். கீழ்க் கிராமத்தில் பதிவுபெற்ற சங்கம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மரண உபகாரச் சங்கம். யாராவது இறந்தால் கூடாரம், நாற்காலி, வெள்ளைக் கொடி, தேநீர்ப் பாத்திரம் கொடுக்கிற சங்கம். அதன் செயலாளர் சோமாவதி, ஒரு சில்லறைக் கடைக்காரி. ஐம்பது வயதைத் தாண்டியவர். தோட்டத்து ஆட்களுக்குக் கடன் கொடுத்துக் கொடுத்தே தமிழ் கற்றவர்.

நான் விஷயத்தைச் சொன்னதும் சோமாவதி கூட்டம் கூட்டினார். லயத்து ஆட்களை மரண சங்கத்தில் சேர்த்துக்கொண்டு, சங்கத்தின் பெயரில் தண்ணீருக்கு விண்ணப்பிப்பது. அதுதான் பிரேரணை. பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். தோட்டத்து ஆட்கள் அடிக்கடி சாகிறவர்கள், கூடாரம் எந்த நேரமும் மேலேதான் நிற்கும், நாம் செத்தால் எதைக் கட்டுவது என்று கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. அது நியாயமான கேள்வியாகவே எல்லோருக்கும் பட்டது.

சோமாவதி சிங்களத்தில் சொன்னார். “தண்ணி இல்லாட்டி நாமும் அடிக்கடி சாவோம். அப்போ கூடாரம் சமமாத்தான் பிரியும்.”

பிரேரணை நிறைவேறியது. இப்படியாக லயத்து மனிதர்கள், தண்ணீர் குடிக்கும் உரிமைக்காக முதலில் சாவதற்குப் பதிந்துகொண்டார்கள்.

ஊற்று தோட்டத்து நிலத்தில் இருந்ததால் துரையின் சம்மதக் கடிதம் வேண்டியிருந்தது. பங்களாவுக்குப் போய்ப் படிவத்தை நீட்டினேன். இளம் வயதுத் துரை. கவனமாக வாசித்தார். மூல காரணம் என்ற இடத்துக்கு வந்ததும் தலையை ஆட்டினார்.

“நிலப் பயன்பாட்டு அழுத்தம். சரியாச் சொன்னீங்க. இப்போ எல்லா இடத்திலயும் இதுதான் பிரச்சினை” என்று ஆங்கிலத்தில் சொல்லி ஒப்பம் வைத்தார். அந்த அழுத்தம் தானேதான் என்று அவருக்கு விளங்கவில்லை. என் எழுத்தின் திறமையில் எனக்கே கர்வம் வந்தது.

கடைசியாக ஒரு வரைபடம் தேவைப்பட்டது. ஊர் மக்களே சேர்ந்து வரைய வேண்டும். கோயில் முற்றத்தில் கோலமாவாலும் கரியாலும் மலையை வரைந்தார்கள். லயத்துப் பெண்களும் கிராமத்துப் பெண்களும் சேர்ந்து கோடு போட்டார்கள். நான் அதை ஒரு பெரிய தாளில் பிரதி எடுத்தேன். ஊற்றுகளுக்குச் சிவப்புப் புள்ளி, தண்ணீர் ஓடும் திசைக்குக் கறுப்பு அம்பு, தாங்கி வர வேண்டிய இடத்தில் ஒரு சதுரம். பக்கத்தில் தமிழில் ‘தாங்கி’ என்று எழுதினேன்.

திரும்பி வரும் வழியில் பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். அந்த வாரம் எங்கோ குண்டு வெடித்திருந்தது. எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் சந்திரசேகரன் என்ற என் தமிழ்ப் பெயரைப் பார்த்த பொலிஸ்காரர் பையைத் திறக்கச் சொன்னார். அளவு நாடா, திசைகாட்டி, சிவப்புப் புள்ளியும் கறுப்பு அம்பும் போட்ட ஒரு மலையின் படம். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் பத்திரிகை வாசித்துத் தமிழ் கற்றவர் போலும். பத்திரிகையில் அப்போது யுத்த தாங்கியைத் தவிர வேறு தாங்கி வருவதில்லை.

இரண்டு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். என்னை அடிக்கவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். பக்கத்து அறையிலிருந்து சத்தம் வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். தாங்கி எப்போது வருகிறது, எந்தப் பாதையால் வருகிறது என்று கேட்டார்கள். மானியம் கிடைத்தால் ஆறு மாதத்தில் வரும் என்றேன். அந்தப் பதில் எனக்கு உதவவில்லை.

என் மனைவி ஜெபரத்தினத்தைத் தேடி அலுவலகத்துக்கு ஓடினாள். நான் உத்தியோக வேலையாகத்தான் போனேன் என்று ஒரு கடிதம் கொடுத்தால் போதும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோப்பை எடுத்துப் பார்த்தார். அந்தக் கள விஜயத்துக்கு அனுமதி கொடுத்ததற்கு எழுத்தில் ஒன்றும் இல்லையே என்றார். உண்மைதான். அன்று காலையில்தான் இல்லாமல் போயிருந்தது. “பார்ப்போம்” என்று என் மனைவியிடம் சொன்னார்.

மூன்றாம் நாள் காலையில் பொலிஸ் நிலையத்துக்கு வந்தது சோமாவதி. கையில் மரண சங்கத்தின் கூட்டக் குறிப்புப் புத்தகம். பின்னால் மாரியாயி. பொறுப்பதிகாரியின் மேசையில் புத்தகத்தை விரித்து, சந்திரசேகரன் மாத்தயா வந்தார், தண்ணீர் பற்றி விளக்கினார், தேநீர் வழங்கப்பட்டது என்ற பக்கத்தைக் காட்டினார்.

“இந்தப் படம் மாத்தயா வரைஞ்சது இல்ல. நாங்க வரைஞ்சது. அந்தக் கோடு நான் போட்டது, இந்தக் கோடு இவ போட்டது. பிடிக்கிறதுன்னா எங்க ரெண்டு பேரையும் பிடிங்க. கடைய மூடிட்டுத்தான் வந்திருக்கேன்.”

பொறுப்பதிகாரி படத்தை உயர்த்திப் பிடித்தார். சோமாவதி அதை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கி, திருப்பிக் கொடுத்தார். தமிழ் வாசித்தவர் போன பிறகு, இரண்டு நாளாக அதைத் தலைகீழாக வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு மலையில் தண்ணீர் எல்லாம் அடிவாரத்திலிருந்து உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்ததை அத்தனை அதிகாரிகளில் ஒருவரும் கவனிக்கவில்லை. அவர் நீண்ட நேரம் பார்த்தார். பிறகு என்னைப் போகச் சொன்னார். படத்தைத் தரவில்லை.

என்னோடு அறையில் இன்னொருவர் இருந்தார். நுவரெலியாப் பக்கத்துச் சலூன்காரர், கத்தியும் கத்தரிக்கோலும் பையில் இருந்ததற்காகப் பிடிபட்டவர். அவருக்காக யாரும் குறிப்புப் புத்தகத்தோடு வரவில்லை. அவர் என்ன ஆனார் என்று பிறகு இரண்டு முறை விசாரித்தேன். தெரியாது என்றார்கள். நான் மூன்றாம் முறை கேட்கவில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பிய அன்று ஜெபரத்தினம் கதவைச் சாத்திவிட்டு என்னை உட்கார வைத்தார்.

“நான் என்ன செய்யட்டும், சந்திரா? என்ட பேரும் தமிழ்ப் பேர்தானே. கடிதம் கொடுத்தா அடுத்த கேள்வி என்னட்டத்தான் வரும். எண்பத்து மூன்றுக் கலவரத்தில வீட்டோட எல்லாம் போச்சு. இன்னொரு முறை ஏலாது.”

அந்த மனிதரை முழுக்க வெறுக்க வேண்டும் என்று வீட்டில் இரண்டு நாள் உட்கார்ந்து திட்டமிட்டிருந்தேன். அதுவும் நடக்கவில்லை. அந்தப் பழைய விஜயத்துக்கு ஒரு புதிய அனுமதியைப் பென்சிலில் எழுதி என்னிடம் நீட்டினார். பழைய திகதியிட்டு.

மானியம் வந்தது. பலகை முதலில் போனது. அடுத்து, பயனாளிகளுக்கு மண் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. நகரத்திலிருந்து ஒரு நிபுணர் வந்து, சிறுவயதிலிருந்து கான் வெட்டியே வாழ்ந்தவர்களுக்குக் கான் என்றால் என்ன என்று படம் காட்டி விளக்கினார். மாரியாயி கையை உயர்த்தினார்.

“சார், உங்க படத்துல கான் நேரா கீழ எறங்குது. இப்படி வெட்டுனா மொத மழைக்கே மலை லயத்துக்குள்ள வந்துரும். எங்க கங்காணி பாத்தாருன்னா அன்னைக்கு எங்களுக்கு அரைச் சம்பளந்தான்.”

நிபுணர் அதை வரவேற்றார். பங்கேற்பு சிறப்பாக இருந்தது என்று அறிக்கையில் எழுதினார்.

வேலை என்னவோ நன்றாக நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மேலேயிருந்தும் கீழேயிருந்தும் வந்தார்கள். கான் வெட்டினார்கள், கல் அடுக்கினார்கள், மூங்கிலும் நாவலும் நட்டார்கள், தாங்கி கட்டினார்கள். மரண சங்கத்தின் தேநீர்ப் பாத்திரம் முதல்முறையாக உயிரோடு இருந்தவர்களுக்குப் பயன்பட்டது.

திறப்பு விழாவுக்குப் பணம் கொடுத்த நிறுவனத்திலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தார். துரைக்கு மாலை போட்டார்கள், நிலம் கொடுத்தவர் அல்லவா? அம்மா மாரியாயியைப் பார்த்து, முன்பு இந்த ஊற்று ஏன் வற்றியது என்று கேட்டார். ஜெபரத்தினம் கேள்வியைத் தமிழில் சொன்னார்.

“மேல நின்ன மரத்தையெல்லாம் வெட்டி பேக்டரிக்கு வெறகா போட்டாங்க. இந்தா மாலை போட்டு நிக்கிறாரே, இவருதான் வெட்டச் சொன்னது. இப்பவும் அந்தப் பக்கம் வெட்டுறாங்க. நாங்க ஞாயித்துக்கெழம நடுறோம், அவங்க திங்கக்கெழம வெட்டுறாங்க.”

ஜெபரத்தினம் கண்ணாடியைத் துடைத்தார். “காலநிலை மாற்றம் என்கிறார்” என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அந்த அம்மாவுக்குச் சந்தேகம். இவ்வளவு நேரம் பேசினாரே என்று என் பக்கம் திரும்பினார். நான் எத்தனையோ வருஷம் செய்ததைப் போல அதற்கும் ஒரு நல்ல வார்த்தை கண்டுபிடித்திருக்கலாம். அன்று ஏனோ வாய் வரவில்லை. மாரியாயி சொன்னதை, திங்கட்கிழமை உட்பட, அப்படியே சொன்னேன். துரை மாலையைக் கழற்றினார்.

அன்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. ஆனால் என் நேர்மைக்கு விலை கொடுத்தது நான் இல்லை. மறுநாள் பிரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கூப்பிட்டபோது மாரியாயியின் பெயரைக் கூப்பிடவில்லை. கொழுந்து குறைவாம். அடுத்த நாளும் குறைவாம். அவருக்கு மட்டும்.

செய்தி கேட்டு நான் பதறிக்கொண்டு ரத்தோட்டையிலிருந்து முச்சக்கரவண்டி பிடித்துப் போனேன். கிராமத்துக்குள் நுழையும்போதே பாதையின் இரு பக்கமும் வெள்ளைக் கொடி. கடைக்கு முன்னால் பாதையை முழுக்க மறித்துக் கூடாரம். நாற்காலிகளில் ஆட்கள். கூடாரத்துக்கு அந்தப் பக்கம் தோட்டத்து விறகு லொறி நின்றிருந்தது. வேறு பாதை கிடையாது. சாவு வீட்டுக் கூடாரத்தைக் கலைத்துக்கொண்டு லொறி ஓட்டுகிற துணிச்சல் எந்தச் சாரதிக்கும் வராது.

சாரதி இறங்கி வந்து சோமாவதியிடம் மரியாதையாகக் கேட்டார். “யாரு அக்கா செத்தது?”

சோமாவதி தேநீரை நீட்டினார். “இன்னும் தெரியல மகன். உக்காருங்க.”

மூன்று நாள் அந்தக் கூடாரம் நின்றது. தொழிற்சாலை அடுப்பு அணையப் போகிறது என்றதும் துரை ஜீப்பில் இறங்கி வந்தார். அவரும் தேநீர் குடித்தார். அந்தச் சரிவில் மரம் வெட்டுவதில்லை, விறகுக்கு இறப்பர்க் கட்டையைக் கீழ்நாட்டிலிருந்து எடுப்பது, மாரியாயிக்கு வேலை என்று பேசி முடித்தார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் குறிப்புப் புத்தகத்தில் சோமாவதி எழுதிக்கொண்டார், பேனாவால்.

நான் மாரியாயியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“எதுக்கு சார்? நான் சொன்னதத்தானே சொன்னீங்க. மூணு நாளும் நல்லா தூங்குனேன். கல்யாணத்துக்குப் பொறகு இப்பத்தான் அப்படித் தூங்குனேன்.”

‘இத்திட்டம் சமூகங்களிடையே நல்லிணக்கத்தை வளர்த்தது’ என்று ஜெபரத்தினம் இறுதி அறிக்கையில் எழுதினார். பதவி உயர்ந்து கொழும்புக்குப் போனார். என் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதைப் பற்றிப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னும் சில வருஷம் வேறு இடங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன்.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு மாசி மாதம், படிவம் ஒன்றும் இல்லாமல், சும்மா அந்தப் பக்கம் ஏறிப் போனேன். தூரத்திலேயே சத்தம் கேட்டது. தாங்கிக்குப் பக்கத்தில் மாரியாயியும் சோமாவதியும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். காலைத் தண்ணீர் யாருக்கு, மாலைத் தண்ணீர் யாருக்கு என்று. மேலே ஆட்கள் குளித்துக் குளித்துத் தண்ணீரை வீணாக்குகிறார்கள் என்றார் சோமாவதி. கீழே வெற்றிலைக் கொடிக்குக் குழாய் போட்டு இழுக்கிறார்கள் என்றார் மாரியாயி. ஒருவர் சிங்களத்தில் ஏசினார், மற்றவர் தமிழில் திருப்பினார், இருவருக்கும் ஒரு சொல்லும் தவறவில்லை. தாங்கிக்கு முந்தைய மாசிகளில் இந்தச் சண்டை வந்ததில்லை. சண்டை பிடிக்க அப்போது தண்ணீர் இருக்கவில்லை.

என்னைக் கண்டதும் இருவரும் ஒன்றாகத் திரும்பினார்கள்.

“சார், நீங்களே சொல்லுங்க, யாரு மேல ஞாயம்?”

“நான் ரிட்டயர் ஆகிட்டேன் அக்கா” என்றேன்.

குனிந்து இரண்டு கை தண்ணீர் அள்ளிக் குடித்துவிட்டு பஸ்ஸுக்கு இறங்கினேன். பாதி மலை இறங்கும் வரை அவர்களுடைய குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.